தலைக்கு எத்தனை

கத்தரிக்கோலை மேசைமேல் வையுங்கள், டாக்டர்.
முதலில் உட்காருங்கள்.
மசாத்தோ கொஞ்சம் அதிகமாகவே புளித்துவிட்டது,
இருந்தாலும் குடிக்கலாம்.

உங்களுக்கு முன்னால் வந்தவரும் நல்லவர்தான்.
பிள்ளைகளுக்குப் பலூன் ஊதிக் கொடுத்தார்.
ஆளுக்கொரு கொத்து முடி,
பின்னங்கழுத்திலிருந்து வெட்டி
உறையில் போட்டு எண் எழுதினார்.
நான் நாற்பத்தொன்று.
வயிற்றில் அப்போது இபாக் இருந்தாள்.
அவளுக்கு எண் இல்லை.

பதினொரு வருடம்.
கானுஸ் ஆற்றில் சோப்பு வியாபாரி வந்தான், தேர்தல் வந்தது,
வளைவுக்கு மேலே தங்கம் அரிக்கும் மிதவை மூன்று வந்தன.
பதில் வரவில்லை.
லிமாவில் யாரோ விசுமிடம் காட்டினார்களாம்:
முப்பது பக்கம், நாங்கள் பேசாத மொழி,
நடுவில் எங்கள் ஆறு, மேலெல்லாம் சிவப்புப் புள்ளிகள்.
அதில் நான் எது என்று
அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இபாக்குக்கு எழுதும்போது பென்சில் நழுவுகிறது.
எதனால் என்று தெரியாது. நான் எதையும் சொல்லவில்லை.

அதனால் இரண்டு இரவு கூட்டம் போட்டோம்,
டீசல் தீர்ந்து விளக்கு அணைந்த பிறகும்.

உங்கள் தாளில் பதினான்காம் கேள்வி:
வாரத்துக்குத் தலைக்கு எத்தனை மீன்?
இங்கே யாரும் எண்ணித் தின்பதில்லை.
தலையைத் தின்றது யார் என்று கேளுங்கள்.
பெரிய கெளிற்றின் தலை பிள்ளைத்தாய்ச்சிக்குப் போகும்.
கன்னச்சதை அவள் மூத்த பிள்ளைக்கு.
வேட்டைக்காரனுக்கு வால்.
அன்பு போகிற வழியிலேதான்
அதுவும் போகிறது.
எழுதிக்கொண்டீர்களா? எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

இருபத்திரண்டை அடித்துவிட்டோம்.
ஏனென்று சொல்லமாட்டோம்.

முடியில் பாதி உங்களுக்கு.
மீதி பள்ளிக்கூட அலமாரியில், சாவி என்னிடம்.
விசுமின் மகள் உங்கள் சோதனைக்கூடம்வரை வருவாள்;
அந்த இயந்திரம் என்ன சத்தம் போடுகிறதென்று பார்க்கவேண்டுமாம்.
பதில் முதலில் இந்த மேசைக்கு வரட்டும்.
பிறகு எந்த ஊருக்கும் போகட்டும்.

இன்னொன்று.
மூன்று வாரம் நீங்களும் இந்த மீனைத்தான் தின்னப்போகிறீர்கள்.
முதல் உறை உங்களுடையது.
கிளம்புகிற அன்று இன்னொரு உறை.
திரும்பி உட்காருங்கள். குனியுங்கள்.
கத்தரிக்கோல் இப்படிக் கொடுங்கள்.

காதருகே நரைத்திருக்கிறது உங்களுக்கு.
நரையிலும் தங்குமா அது?
தெரியாதா?
அப்படியானால் அதையும் கேள்வியாகச் சேர்த்துக்கொள்வோம்.