மூன்றாம் தாளில் ஒரு கதவு

இருநூற்றுப் பதினாறு கதவுகள்.
எண், அகலம், உயரம், நிலைச்சட்டம், பூட்டு,
தீயைத் தாங்கும் நிமிடங்கள், குறிப்பு.
அட்டவணையை இழுத்துத் தாளில் போட்டேன்.
கீழ்க்கோட்டைத் தாண்டி,
என் பெயரின் முதலெழுத்து இருக்கும் பெட்டியையும் தாண்டி,
தாளே இல்லாத சாம்பல் வெளியில்
தொங்கிக்கொண்டிருந்தது,
அளவெடுக்காமல் வாங்கிய திரைச்சீலை மாதிரி.

வினிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
போர்ட்டேஜ் அவென்யூவில் பஸ்ஸின் புகை
உடனே போகாமல்
கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுப் போனது.
வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு டெண்டர்.

பிரிப்பது எளிது.
அட்டவணையின் ஓரத்தில்
ஒரு முறிந்த கோடு, குட்டி மின்னல் போல.
தொட்டால் இரண்டாகும்.
வரிகள் பங்கு போகும், தலைப்பு மட்டும் போகாது,
இரண்டு பக்கத்திலும் அதுவே நிற்கும்:
எண், அகலம், உயரம்.
முடிந்த சொல்லில் தொடங்க இது அந்தாதி இல்லை.
பல்லவி. எங்கே வெட்டினாலும்
தலையிலிருந்துதான் மறுபடி எடுக்கும்.

முதல் தாளில் நூற்றெட்டு,
இரண்டாம் தாளில் நூற்றெட்டு,
அர்ச்சனைக்கு எண்ணி வைத்தாற்போல.
நாற்காலியைச் சுழற்றி மரிசெல்லிடம் காட்டினேன்.
"தொடாதே, அப்படியே அனுப்பு" என்றாள்.

மூன்று இருபதுக்கு போன்.
முதியோர் இல்லத்துக்காரர்களுக்கு
சலவை அறையிலிருந்து முற்றத்துக்கு
ஒரு வழி வேண்டுமாம்.
அந்தப் பக்க மேசையில் பொஹ்தான் சுவரைத் திறந்தார்.
என் திரையில், யாரும் தட்டச்சு செய்யாமல்,
ஒரு வரி முளைத்தது.

217. தொள்ளாயிரத்துப் பதினைந்து மில்லிமீட்டர்.
இரும்பு. வெளியே திறக்கும்.

அது கீழ்க்கோட்டுக்கு அடியில்
கால் நனைத்துக்கொண்டு நின்றது.
எழுத்தைச் சிறிதாக்கியிருக்கலாம்.
வரிகளை நெருக்கி
ஒதுங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம்.
அலுவலகத்துக்கு ஒரு விதி இருந்தது,
எனக்கு நாற்பது நிமிடம் இருந்தது.
மின்னலைத் தொட்டேன்.
மூன்றாம் தாள். மேலே தலைப்பு,
தலைப்புக்குக் கீழே ஒரு கதவு,
கதவுக்குக் கீழே
ஒரு மேசை அளவு வெள்ளை.

பதினெட்டு மாதம் கழித்து, ஜூலையில்,
டிரான்ஸ்கோனாவிலிருந்து ஃப்ரீசன் கூப்பிட்டார்.
"சுவரில் ஓட்டை இருக்கிறது. கதவு எங்கே?"
மூன்றாம் தாள் என்றேன்.
நீண்ட மௌனம். பின்னால் ஒரு ரம்பம் ஓடி நின்றது.
"வெற்றுத் தாள் என்று நினைத்தோம்.
பிரிண்டர் துப்பியது என்று."
விலை போடும்போதே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கதவு வரப் பதினாறு வாரம்.
பணம் யார் தலையில் என்பதற்கு
இருபத்தேழு மின்னஞ்சல்.

நான் போய்ப் பார்த்தேன்.
ஓட்டையில் ஒரு பிளைவுட் பலகை,
கீல் இருக்க வேண்டிய இடத்தில் நைலான் கயிறு,
மார்க்கரில் கோணலாக: 217.
வெயில் விழுகிற பக்கம் அது.
ஓடு பதிப்பவர்கள், குழாய்க்காரர்கள், பெயின்டர்கள்
எல்லோரும் அந்த வழியாகவே
சாப்பாட்டுப் பெட்டியோடு வெளியே போனார்கள்.
நின்ற பத்து நிமிடத்தில்
முப்பத்தாறு பேரை எண்ணினேன்.
விவரம் எழுதி, பூட்டு எழுதி, நிமிடம் எழுதி
நான் அடுக்கி வைத்த இருநூற்றுப் பதினாறும்
உறை பிரிக்காமல் சாய்ந்து கிடந்தன.

தாள் என்றால் காகிதம்.
தாள் என்றால் கதவை உள்ளே அடைப்பதும்.
இத்தனை வருடம் இரண்டையும்
வேறு வேறு வேலை என்று நினைத்திருந்தேன்.

நவம்பரில் கதவு வந்தது. நல்ல கதவு.
தானாக மூடிக்கொள்கிறது.

இப்போதெல்லாம் கடைசித் தாளுக்கு
ஒற்றை வரி போகிறதென்றால்
கோட்டை மேலே இழுக்கிறேன்,
துணைக்கு ஏழெட்டுக் கதவுகள் இறங்கட்டும் என்று.
மேலே இரண்டாம் தாள்
பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடுகிறது.
அழகாயில்லை என்கிறாள் மரிசெல்.
இல்லைதான்.