பில்லில் ஒரு வரி

மங்கலம் ரோட்டில் பதினொரு மெஷின்.
என் நோட்டில் ஒன்பது பேர்.
பத்தாவது பெயரை எழுதினால் இ.எஸ்.ஐ. வந்துவிடும் என்று
சென்னியப்பன் அண்ணன் சொன்ன நாளில்
பேனாவை மூடி வைத்தவள் நான்தான்.
நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய்.
அவர் பங்கு மூணேகால், தைக்கிறவர்கள் பங்கு முக்கால்.
அதை மிச்சம் என்று சொல்லிக்கொண்டு வந்தோம்
ஆறு வருஷம்.

நோட்டில் இல்லாத இரண்டு பேரில் ஒருத்தி
மோகனப்பிரியா. ஓவர்லாக்.
ஏழாவது மாதம்.
வயிறு மேசையில் இடிக்கிறதென்று
ஸ்டூலை ஒரு சாண் பின்னால் தள்ளிப் போட்டுக்
கையை எட்டி எட்டித் தைக்கிறாள்.
தைப்பது பச்சைக் குழந்தைச் சட்டை,
எந்த ஊர்க் குழந்தைக்கோ.

லீவு கேட்கவில்லை அவள்.
"என்ற மெஷினெ வேற ஆருக்கும் குடுத்துராதீங்கக்கா."
அவ்வளவுதான் கேட்டாள்.

சட்டம் இருபத்தாறு வாரம் என்கிறது.
வாரம் நாலாயிரத்து இருநூறு.
பெருக்கினால்
ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்து இருநூறு.
அண்ணன் முகம் போன போக்கை
நான் குறை சொல்ல மாட்டேன்.
அவர் வீட்டுப் பத்திரம் எந்த பேங்கில் கிடக்கிறதென்று
எனக்குத்தான் தெரியும்.
"நானென்ன பண்றது அம்மிணி?
போன மாசந்தான் கம்பெனிக்காரன்
பீசுக்கு அம்பது காசு கொறச்சுப்போட்டான்.
அவனெக் கேட்டா வெளிநாட்டுக்காரன் கொறச்சுட்டாங்கறான்."

டீ வேளையில் செக்கிங் மேசையில் பேச்சு வந்தது.
ஆளுக்கு வாரம் நூறு போடலாம்,
மொய் மாதிரி, என்றாள் ஒருத்தி.
மொய் என்றால் நோட்டில் ஏறும்,
ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டும்.
பிறக்கும் முன்னே ஒரு பிள்ளை
பத்து வீட்டுக்குக் கடன்பட வேண்டுமா?
ரங்கம்மணி அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.
"எனக்குக் கண்ணாலமே ஆகல.
ஊரான் பிள்ளைக்கு நானெதுக்குத் தரோணும்?"
யாரும் பதில் சொல்லவில்லை.
எனக்கும் பதில் இல்லை, இன்று வரை.
மோகனப்பிரியாவின் கட்டில் பாதியை
அன்று சாயங்காலம் தன் மெஷினுக்கு இழுத்துக்கொண்டவள்
அவளேதான்.
ஆனாலும் பதில் அதுவல்ல.

என் அக்கா பல்லடத்தில் மில் வேலையை விட்டுத்தான்
என் மகனைப் பார்த்துக்கொண்டாள்.
அவள் இழந்த எட்டு மாதச் சம்பளம்
எந்தக் கம்பெனியின் எந்த நோட்டிலும் இல்லை.
என் பிரசவத்துக்குச் செலவே ஆகவில்லை என்று
இன்றும் சொல்வார் என் வீட்டுக்காரர்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
ஒரு நாளைக்கு எழுநூறு பீஸ்.
இருபத்தாறு வாரத்தில், ஞாயிறு போக,
ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்து இருநூறு பீஸ்.
கணக்கு இவ்வளவு ஒட்டி வந்தால்
எனக்குச் சந்தேகம் வரும்.
மூன்று தரம் போட்டேன்.
பீசுக்கு ஒரு ரூபாய்.
ஒரு பொத்தான் விலை.

காலையில் நோட்டைத் திறந்து
பத்தாவது பெயரை எழுதினேன், பதினோராவதையும்.
அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். தடுக்கவில்லை.
இது மோகனப்பிரியாவுக்கு ஆகாது.
எழுபது நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டுமாம்.
அடுத்து வருகிறவளுக்கு ஆகும்.
ஆறு வருஷத்து மிச்சத்தை எல்லாம்
இவள் ஒருத்தி தலையில் கட்டியிருக்கிறோம்.

அதனால் சனிக்கிழமை பில்லில்
தையல் கூலி பதினொன்று என்ற வரிக்குக் கீழே
இன்னொரு வரி சேர்த்தேன்.
பிரசவ விடுப்பு, பீசுக்கு ரூ. 1.

செவ்வாய்க்கிழமை பில் திரும்பி வந்தது.
ஒன்றைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்,
பக்கத்தில் கேள்விக்குறி.
அடித்துவிடவில்லை.

ஓவர்லாக் ஓடிக்கொண்டிருக்கிறது.
ஸ்டூலை இன்னும் நாலு விரல் தள்ளிப் போட்டிருக்கிறாள்.
வெள்ளைத்தாளை எடுத்து
"ஐயா, தாங்கள் கேட்ட விவரம்"
என்று எழுதத் தொடங்கினேன்.