முப்பத்துநான்கு படிகள்

வங்கி அறிக்கையின் முதுகில்
பென்சிலால் கணக்கெழுதுகிறாள் இர்யா காங்கஸ்.
ஜனவரி. துலூத் நகரம்.
ஏரி உறைந்து விளிம்பில் மட்டும்
பல் கூசுவதுபோல் நெறிபடுகிறது.
அவளுக்குப் பல் மருத்துவமனையில் வேலை;
கூச்சம் எங்கிருந்து தொடங்கும் என்று தெரியும்.

காட்டரிசி விளையும் நீருக்கடியில்
எண்ணெய்க் குழாய் பதிக்கக்
கடன் கொடுத்தது அவள் வங்கி.
எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டாள்.
கையெழுத்திட்ட பேனா
அதே வங்கி கொடுத்த இலவசம்.

அன்றைக்கே கணக்கை மூடினாள்.
"எங்களிடம் ஏதாவது குறையா?" என்றான்
கண்ணாடிக்குப் பின்னிருந்த பையன்.
குறைதான். ஆனால் அவன்மீது இல்லை.
டை இறுக்கமாய் இருந்தது அவனுக்கு.
கூட்டுறவுக் கடன் சங்கத்தில்
கணினி மெதுவு,
உட்காரத் தந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.
ஆடியபடியே பெயரெழுதிக் கொடுத்தாள்.

பிறகு காபி. பிறகு சோப்பு. பிறகு
பாதிராத்திரியில் படுத்தபடியே
கட்டைவிரலால் வாங்கிக் குவித்த எல்லாம்.
திருகாணி வேண்டுமானால் இப்போது
இரண்டு பேருந்து மாறி
வால்ட் ஸூபான் கடைக்குப் போகிறாள்.
ஆறு கேட்டால் ஆறு எண்ணித் தருவார்.
நூறு அடங்கிய பெட்டியை வாங்கித்
தொண்ணூற்றுநான்கைத் துருவுக்குத்
தின்னக் கொடுக்க வேண்டியதில்லை.
வால்ட் நல்லவர் என்றும் சொல்லிவிட முடியாது.
தேர்தலில் யாருக்குப் போட்டார் என்பதைக்
கல்லாவுக்கு மேலேயே ஒட்டிவைத்திருக்கிறார்.
அவளுக்கு ஆகாத பெயர்.
சில்லறை கைமாறும்போது
அந்தச் சுவரே இல்லாததுபோல் இருவரும்
குளிரைப் பற்றிப் பேசுவார்கள்.

வாரத்துக்குப் பதினொரு டாலர் கூடுதல்.
அது ஞாயிற்றுக்கிழமை சினிமா. விட்டாள்.
விட முடியாதது இன்சுலின்.
விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள்,
அதிலும் அவள் உடம்பு ஏற்பது ஒன்றைத்தான்.
காலையில் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து
அந்த ஒன்றுக்கு
அலகு அலகாகப் பணிகிறாள்.
கொள்கைக்குச் சர்க்கரை ஏறுவதில்லை,
அவளுக்கு ஏறும்.

மார்ச்சில் ஒருநாள் தெருவோரம் வேன் நின்றது.
தோ வாங். ஐந்து வருடம் அவள் வாசலுக்குப்
பெட்டி தூக்கிவந்தவன்.
(என் மொழியில் அவன் குடும்பப் பெயர்
'வாங்கு' என்பதில் முக்கால்.
ஹ்மாங்கில் என்ன பொருளோ, தெரியாது.)
"உடம்புக்கு ஒன்றுமில்லையே?
செத்துப்போனீர்களோ என்று நினைத்தேன்."

காகிதத்தில் அவனுக்கு ஒரு வரி இல்லை.
அரிசி உண்டு, ஏரி உண்டு,
யாரோ கண்டிராத கிடங்குத் தொழிலாளிகள் உண்டு.
"என்னால் உங்களுக்கு வேலை குறைந்ததா?"

சிரித்தான்.
"நாளைக்கு நூற்றெண்பது வாசல்.
உங்களுடையது போனால் இன்னொன்றை நுழைப்பார்கள்.
நூற்றெண்பது நூற்றெண்பதுதான்."

அவளுக்கு நிம்மதியா அது, அடியா?
பத்து வாரம், நூற்றுப்பத்து டாலர்,
அத்தனை பெரிய உடம்பில்
ஒரு மயிர்கூட உதிரவில்லை.

வேனில் ஏறியவன் கண்ணாடியை இறக்கினான்.
"ஆனால் உங்கள் வீட்டுக்கு முப்பத்துநான்கு படி.
டிசம்பரில் விழுந்தேன், சொல்லவில்லை.
இப்போது முழங்கால் கொஞ்சம் தேவலை."

பன்னிரண்டு வருடமாய் ஏறுகிறாள்,
எண்ணியதில்லை.
இன்று எண்ணினாள். முப்பத்துநான்கேதான்.
பத்தொன்பதாவதில் கைப்பிடி ஆடுகிறது.
அதற்குத்தான் அந்த ஆறு திருகாணி.

கையுறையைக் கழற்றிவிட்டு முடுக்கினாள்.
ஐந்து இறங்கின.
ஆறாவது வேறு அளவு.
வால்ட் எண்ணத்தான் எண்ணினார், பார்க்கவில்லை.

நாளை மறுபடி இரண்டு பேருந்து,
மறுபடி அந்தச் சுவர்.
அதுவரை பிடித்து ஏற வருபவர் யாராவது
சற்று இடப்பக்கம் சாய்ந்து வரட்டும்.