விழித்த நேரம்

படிவத்தில் மூன்று கட்டம்.
கண் விழித்ததும் ஒரு பஞ்சு,
அரைமணி கழித்து ஒன்று,
படுக்கும்முன் ஒன்று.
மெல்லக் கூடாது, நாக்கடியில் ஊற வேண்டும்.
குழாய்களெல்லாம் ஃபாபியோலா கடை ஃப்ரீஸரில்.
குச்சி ஐஸுக்கும் கோழிக் காலுக்கும் நடுவே
என் மகன் சாய்ரியின் ஏழு வயது எச்சில்.

நர்ஸ் மாரிட்சா படம் போட்டுக் காட்டினாள்.
இரண்டு சிறுநீரகம்,
ஒவ்வொன்றின் உச்சியிலும் கோணலாக ஒரு குல்லா.
கயாம்பே குளிருக்கு நாங்கள் போடுவது மாதிரியே
என்றேன். சிரித்தாள்.
அட்ரினல் என்று பெயராம்.
கருவில் அது
சிறுநீரகத்துக்குச் சமமாய்ப் பருத்திருக்குமாம்.
பிறந்தபின் சுருங்கி, அடங்கி,
விடியலில் உடம்பைத் தட்டி எழுப்பும்
வேலையைப் பழகிக்கொள்ளுமாம்.

அவன் வயிற்றில் இருந்தபோது
பிப்ரவரி ரோஜாவுக்கான அவசரம்.
பிளாஸ்டிக் கூரைக்கடியில்
மருந்து காய்வதற்குள் மணி அடிப்பார்கள், நுழைவோம்.
இலையெல்லாம் வெள்ளைப் பூச்சு.
ஏப்ரனில் துடைத்த விரலால்
ரொட்டி பிட்டுத் தின்றேன்.
ஐந்தாம் மாதம். அப்போதுதான் உதைக்கக் கற்றிருந்தான்.
உள்ளே ஒரு குல்லா பின்னலில் இருந்தது
எனக்குத் தெரியாது.

காலையில் அவனை எழுப்ப முடிவதில்லை.
இரவில் தகரத்தின் ஆணிகளை எண்ணிக்கொண்டு கிடக்கிறான்.
வகுப்பில் கதவு அறைந்தால்
எல்லாப் பிள்ளைகளும் துள்ளுமாம்,
இவன் பென்சில் சீவிக்கொண்டே இருப்பானாம்.

மாரிட்சா கோடுகளைக் காட்டினாள்.
மற்றப் பிள்ளைகளுக்குக் காலையில் மலை, மாலையில் சரிவு.
இவனுக்கு மேசை.
மருந்தாலா என்றேன்.
ஒரு பிள்ளையின் கோட்டை வைத்துச் சொல்ல முடியாது,
இருநூறு கோடாவது வேண்டும் என்றாள்.
பிறகு,
விழித்த நேரம் சரிதானே?

ஆறு மணி என்று எழுதியிருந்தேன், மூன்று நாளும்.
ஆறு மணிக்கு நான்
பொதியறையில் முள் சீவிக்கொண்டிருந்தேன்.
அவனே எழுந்து அவனே பஞ்சை வைத்துக்கொண்டான்.
எப்போது என்று பார்க்க வீட்டில் ஆளில்லை.

சரிதான் என்று தலையாட்டினேன்.

பைக்கை அவள் உதைக்கும்போது
ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன்.
அவள் திட்டவில்லை. தாளில் குறுக்கே கோடிழுத்தாள்,
புதுப் படிவம் ஒன்றை என் கையில் வைத்தாள்.
ஞாயிற்றுக்கிழமை எடுப்போமா,
வீட்டில்தானே இருப்பாய்?

இந்த ஞாயிறும் வேலை, அடுத்த ஞாயிறும் வேலை.
அன்னையர் தினம் வருகிறது,
எங்கெங்கோ இருக்கும் அம்மாக்களுக்கு
ரோஜா போக வேண்டும்.