சமாஹீஜ், மூன்றாம் குழி

வெள்ளிக்கிழமைதான் இங்கே எங்களுக்கு ஞாயிறு.
நிஜ ஞாயிறன்று நாலரை மணிக்கே
கேம்ப் வாசலில் பஸ் உறுமும்.
குருத்தோலையை இரண்டு நாள் முந்திப் பிடித்துவிடுவோம்.
உயிர்ப்புத் திருநாளில் சிமெண்ட் இறக்கிக்கொண்டிருப்போம்.
பெரிய வெள்ளி ஒன்றுதான்
தேதி பிசகாமல் வருகிறது.

சாக்கடைக்குக் குழி வெட்ட வந்தவனை
போன கார்த்திகையில் சமாஹீஜ் மேட்டுக்கு அனுப்பினார்கள்.
கம்பெனிக்கு இரண்டும் ஒன்றே:
ஒரு ஆள், எட்டு மணி நேரம்.
அங்கே மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு
பெயிண்ட் பிரஷ் கொடுத்தார்கள்.
மெதுவாக, மெதுவாக என்றார்கள் நாலு மொழியில்.
தலைக்கு மேலே விமானங்கள்
சக்கரம் நீட்டி இறங்கியபடி இருந்தன.

நான் பெரியதாழை. மச்சாது வீட்டுப் பெயர்,
போர்ச்சுக்கல்காரன் விட்டுப்போனது.
மறைக்கல்வியில் நேராகச் சொல்ல மாட்டார்கள்,
ஆனாலும் தெரியும்:
முத்துச் சிலாபத் தகராறில்
காவலுக்கு ஆள் தேடிப் போனவர்கள்
கரையோடு கரையாக நனைந்து திரும்பினார்கள்.
விசுவாசம் அன்றைக்கே வந்ததா,
பிறகு மெல்ல வந்ததா,
இன்னும் வந்துகொண்டிருக்கிறதா,
கேட்டதில்லை.
வட்டி கட்டவே பொழுது சரியாக இருந்தது.

இந்தத் தீவிலும் முத்துக் குளித்திருக்கிறார்கள்.
மூக்கில் கவ்வி, காலில் கல்,
கடன்காரனாக மூழ்கி
கடன்காரனாகவே எழுந்து.
மியூசியத்தில் அந்தக் கல்லைப் பார்த்தபோது
எனக்குக் கணுக்கால் வலித்தது.

மூன்றாம் குழியில் ஷஃபிகுல்தான் முதலில் கண்டான்.
சில்ஹெட்காரன். ஐந்து வேளையும் தொழுகிறவன்.
"மச்சாது, இங்கே வா, உன் சாமான் கிடக்கு."

சுண்ணாம்புப் பலகை. உள்ளங்கை அகலம்.
நாலு கையும் நுனியில் விரிந்து,
அதில் ஒன்று உடைந்து.
ஆயிரத்து முந்நூறு வருஷம் என்று பிறகு சொன்னார்கள்.
பக்கத்திலேயே பேரீச்சங்கொட்டைகள், கருகி.
கப்பல்காரன் எங்கள் கரைக்கு வருமுன்பே
எவனோ ஒரு துறவி
இதைப் பார்த்துக்கொண்டே கொட்டை துப்பியிருக்கிறான்.

நஹ்ரின் மேடம் ஏணியில் இறங்கினாள்.
மோசூல் பக்கம் ஏதோ ஊர்.
எந்த ஊர் என்று கேட்டதற்கு ஒருமுறை
வெறுங்கையை விரித்துக் காட்டியவள்.
முட்டி போட்டாள், வேலைக்காகத்தான்.
மூச்சுக்குள் சொன்னாள்:
ஸ்லீவா.

யாரோ அவசரத்தில் கடித்து விழுங்கிய
தமிழ் போலிருந்தது.
ஊரில் நாங்கள் குருசு என்போம்,
குருசடி, குருசுப் பாதை, எல்லாம் கப்பலில் வந்த சொல்.
என் வாய் ஏனோ அதைத் தாண்டிப் போனது.
"சிலுவை" என்றேன்,
கூலிக்காரன் திருத்துவது போல
தரையைப் பார்த்து.

நிமிர்ந்தாள்.
இன்னொரு தடவை சொல் என்றாள். சொன்னேன்.
அவள் சொன்னாள். நான் சொன்னேன்.
ஷஃபிகுல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
"சலீப்" என்று தன் பங்கையும் போட்டான்.
விமானம் ஒன்று கடந்தது,
மூன்றும் கேட்காமல் போயின.

யாரிடம் கற்றாய் என்றாள்.
கற்கவில்லை, மேடம், வீட்டில் கிடந்தது என்றேன்.

பிறகு அதைப் பையில் போட்டு
பைக்கு ஒரு எண் போட்டார்கள்.

அந்த வெள்ளி, மனாமா கோயில்.
மலையாளப் பூசை கலைந்துகொண்டிருக்க
பிலிப்பைன்ஸ்காரர்கள் வாசலில் குழந்தைகளோடு காத்திருக்க
இடையில் எங்களுக்கு ஐம்பது நிமிடம்.
ஏசி தண்ணீர் சொட்டும் நடையில் நின்று
நெற்றியில் விரல் வைத்தேன்.
சொல் வந்தது.
அதில் மணல் இருந்தது.
பல்லில் நெருடியது.

பங்குனியில் குழியை மூடிவிட்டார்கள்.
துணி விரித்து, மேலே சலித்த மணல் கொட்டி.
திறந்து வைத்தால் கரைந்துவிடுமாம்.
நஹ்ரின் கை கொடுத்துவிட்டுப் போனாள்,
பிரஷ்ஷை நானே வைத்துக்கொள்ளச் சொல்லி.

இப்போது புசைதீனில் கழிவுநீர் வேலை.
மண்வெட்டி எதிலாவது பட்டு
'ணங்' என்றதும்
குனிந்து, கையால் தள்ளிப் பார்க்கிறேன்.
சூப்பர்வைசர் கத்துகிறான்.

குழாய்தான்.