ஒரே ஒரு திருகாணி

ஒன்பது பத்துக்கு வருவார் லுபோர் க்ரிஸ்தெக்.
ஒஸ்த்ராவாவில், டிராம் திரும்பும் முனையில்
எங்கள் இரும்புச் சாமான் கடை ஒன்பதுக்குத் திறக்கும்.
திறக்கும்போதே வந்து நின்றால்
காத்துக் கிடந்தார் என்று நினைத்துவிடுவோமாம்.

நாலு மில்லிமீட்டர், தட்டைத் தலை.
ஒன்று.
இரண்டு கொருனா.
காகிதப் பையில் போட்டு
வாயை இரண்டு மடிப்பு மடிக்க வேண்டும்.
ரசீது கட்டாயம்.

பெட்டியாக வாங்கினால் பாதி விலை,
இருநூறு இருக்கும் என்றேன் முதல் வாரம்.
“இருநூறை வைத்துக்கொண்டு
நாளைக்கு நான் என்ன செய்ய?”
வேடிக்கை என்று எண்ணிச் சிரித்துவைத்தேன்.

முப்பத்தெட்டு வருடம் எஃகு ஆலையில்
கூரையை ஒட்டி ஓடும் கிரேனுக்குள் உட்கார்ந்திருந்தவர்.
கீழே நடந்தவர்கள் எல்லோரும் அவருக்குத் தலைக்கவசங்கள்.
மஞ்சள் என்றால் ஆள், வெள்ளை என்றால் அதிகாரி,
நாலைந்து மஞ்சள் ஓரிடத்தில் குவிந்தால்
யாருக்கோ அடி.
இப்போது கல்லாவுக்கு எதிரே நின்று
என் மூக்கை, மூக்குக்கண்ணாடியை,
சாயம் வெளுத்த காதோரத்தை
புது ஊரின் வரைபடம்போலப் படிக்கிறார்.
படித்துவிட்டுப் போகட்டும் என்று
சில்லறையை மெதுவாக எண்ணுவேன்.

அவர் மட்டுமா?
தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்ந்த விளாஸ்தா
புதன்தோறும் வண்ண அட்டைகள் எடுக்க வருவாள்.
பச்சையிலேயே ஒன்பது வகை.
ஏழு வருடமாகச் சுவர் அப்படியேதான் இருக்கிறது.
ஜாம் பாட்டில்களுக்கு அவைதான் பெயர்ச்சீட்டு:
“பனிக்காலக் கடல்” என்ற அட்டைக்குப் பின்னால்
பிளம் இருக்கிறது.

பொழுது போகிறது என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம்.
தானாக எங்கே போகிறது அது?
பெட்ரோல் தீர்ந்த வண்டிபோல நடுத்தெருவில் நிற்கும்.
யாராவது இறங்கித் தள்ள வேண்டும்.

மார்ச் மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம்.
ஒன்றரைப் பக்கம்.
நாலு இடத்தில் நன்றி.
மூடும் தேதி மட்டும் ஒரே இடத்தில்.

கடைசி நாள், எல்லாவற்றுக்கும் எழுபது சதவீதக் கழிவு.
வாசல்வரை கூட்டம். யாருக்கும் தேவையில்லாத
குழாய்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார்கள்.
ஒன்பது பத்துக்கு அவர்.
ஒற்றைத் திருகாணிக்குக் கழிவு போக எவ்வளவு?
இயந்திரம் விழித்தது.
சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
“ரசீது வராதே” என்றார்.
முழு விலையும் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை.
அலாரம் இல்லாமல் ஐந்து நாற்பதுக்கு விழிப்பு.
ஜன்னல்களைத் துடைத்தேன், உள்ளும் புறமும்.
கரண்டிகளை உயரப்படி அடுக்கினேன்.
குளிர்ப்பெட்டியை இழுத்து அதன் முதுகைப் பார்த்தேன்,
பதினாறு வருடத்தில் முதல் தடவை.
மணி எட்டு இருபது.

செவ்வாய்க்கிழமையைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை.

புதன் காலை, சமையலறை அலமாரியின் கைப்பிடியில்
திருகாணி ஒன்று தளர்ந்திருந்தது, பிறகு காணாமலும் போனது.
நீயே கழற்றினாயா என்று கேட்காதீர்கள்.
ஐம்பத்தெட்டு வயதில் நேர்காணலுக்குப் போன இடங்களில்
போதுமான கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் போகிறேன்.

எட்டாம் எண் டிராமில் ஊரின் மறுகோடிக்குப் போனேன்.
விமான நிலையம் அளவுக்கு ஒரு கடை,
கல்லாவில் சூயிங்கம் மெல்லும் பையன்.
வரிசையில் எனக்கு முன்னால்
வழுக்கை விழுந்த ஓர் உச்சந்தலை.
இந்தத் தலையை நான் பார்த்ததில்லை,
ஆனால் அந்தக் கையை, அதிலிருந்த
இரண்டு மடிப்புப் பையைத் தெரியும்.

திரும்பினார்.
ஆச்சரியப்படவில்லை.
என் உள்ளங்கையை எட்டிப் பார்த்தார்.
ஒன்றுதான் இருந்தது.
நலமா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன்.

“நீங்கள் ஒன்பது இருபதுக்கு வாருங்கள்,” என்றார்.
“ஒன்பது பத்து என்னுடையது.”