மூன்றாவது குழு

எண்ணுவதுதான் என் வேலை.
பதினைந்து நாளுக்கொருமுறை புட்டிகள் திரும்பி வரும்.
தட்டில் கொட்டி, கத்தி முனையால்
ஐந்தைந்தாகத் தள்ளி, மீந்ததை எழுதுவேன்.
விழுங்கியது எத்தனை என்பது கழித்தால் வந்துவிடும்.
விழுங்கியது எது என்பது
எனக்கும் தெரியாது, எழுதித் தந்த டாக்டர் சீல்யாண்டருக்கும் தெரியாது.
இரண்டு பக்கமும் கண்ணைக் கட்டிக்கொண்ட ஆட்டம்.
விடை ஹெல்சிங்கியில், அரக்கு வைத்த உறைக்குள்.

இவாலோவில் டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் போகும்.
அதன்பின் ஞாயிற்றுக்கிழமை வரும்,
ஞாயிறு வராது.
பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்
கிழமை எதுவானாலும் திங்கள்தான்,
மறையவே மறையாமல்.

சுவரில் மருந்தின் படம்: மூன்று வளையங்கள்.
ஓரத்து இரண்டும் அறுகோணம், ஒழுங்கு.
நடுவில் ஏழு மூலை, சற்றே மடங்கி,
முதுகு பிடித்துக்கொண்டு பாதி எழுந்தவர் போல.
அந்த மடிப்பில்தான் விஷயம் என்றார் டாக்டர்.
இருக்கலாம்.

ஆனால் நாக்கு ரகசியம் காக்காது.
மருந்து போனவர்களுக்கு வாய் உலரும்.
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ஆர்ட்டூரி
பெயர் சொல்லுமுன் இரண்டு முறை உதட்டை நனைத்தார்.
சட்டைப்பையில் கறுப்பு உப்பு மிட்டாய்.
பதிவேட்டு ஓரத்தில் பென்சிலால்
ஒரு புள்ளி வைத்தேன்.
வைத்திருக்கக் கூடாது.

பள்ளிச் சமையற்காரி லெம்பிக்குப் புள்ளியில்லை.
அவள் வாயும் ஈரம், கண்ணும் ஈரம்.
பாவம், வெறும் மாவு மாத்திரை என்று
ஒவ்வொரு புதனும் அவளுக்கு
இரண்டாம் கோப்பை காபி ஊற்றினேன்.
பக்கத்தில் உட்கார்ந்தும் இருந்தேன்.

ஊல்லா-மாரெட் முப்பது வாங்கிப்போய்
முப்பத்தொன்று கொண்டுவந்தாள்.
மூன்று தரம் எண்ணினேன். முப்பத்தொன்றேதான்.
"அக்கா புட்டியும் அதே அலமாரியில்.
இருட்டில் யார் பார்த்தார்கள்?"
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஜனவரி, இரண்டாம் வாரம், நண்பகல்.
மலைமுகட்டின் மேல்
வெட்டி விழுந்த நகம் அளவு வெளிச்சம்.
வண்டி நிறுத்துமிடத்துக்கு எல்லோரும் ஓடினோம்,
சமையலறை ஆட்கள் கரண்டியோடு.

அதற்கப்புறம் கேள்வித்தாள்களில் எண்கள் இறங்கின.
மருந்துக்காரர்களுக்கு, மாவுக்காரர்களுக்கு, எல்லோருக்கும்.
எனக்கும்தான்; எனக்கு யாரும் தாள் தரவில்லை.
டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்:
"ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாமல்
ஒருத்தர் ஆய்வுக்குள் நுழைந்துவிட்டார்."

மே மாதம் உறை பிரித்தார்கள்.
ஆர்ட்டூரி: மாவு.
லெம்பி: மருந்து, முழு அளவு.

ஆர்ட்டூரி சிரித்தார்.
"அப்போ கிறிஸ்துமஸுக்கு அப்புறம்
விடியும்வரை தூங்கினானே, அவன் யார்?"
அந்த உலர்ந்த வாய்?
"வண்டிக்குள் பேச யார் இருந்தார்கள்?"

லெம்பியைத் தூக்கிவிட்டது
மூன்று வளையமா, ஞாயிறா,
இரண்டாம் கோப்பையா?
அட்டவணையில் காபிக்குப் பத்தியில்லை.

புள்ளியை ரப்பரால் அழித்தேன்.
தாளைச் சாய்த்தால் சின்னக் குழி தெரிகிறது.
இரவு பதினொரு மணி,
விளக்குப் போடவில்லை.